படுக்கையை எண்ணினீர்கள், நோயாளியை எண்ணினீர்களா?

கடந்த வாரம் வெளியான அரசு மருத்துவமனைத் தரவரிசையைப் பற்றி மேலும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடைசி இடத்தில் வந்த மருத்துவமனையின் ஊழியர்களைச் 'சோம்பேறிகள்' என்று படித்தவர்களே எழுதுவதைப் பார்த்த பிறகு அமைதியாக இருக்க முடியவில்லை.

படுக்கை நிரம்பும் விகிதம், சராசரித் தங்கல் நாட்கள், படுக்கைச் சுழற்சி (ஒரு படுக்கையில் குறிப்பிட்ட காலத்தில் அடுத்தடுத்து எத்தனை நோயாளிகள் சேர்ந்தார்கள் என்ற கணக்கு) ஆகிய மூன்றை வைத்தே அந்தப் பட்டியல் போடப்பட்டிருக்கிறது. 1986-இல் பாபோன் லாஸ்ஸோ என்ற ஆய்வாளர் ஒரே வரைபடத்தில் இணைத்துக் காட்டிய இந்த அளவுகள் பயனற்றவை அல்ல. ஆனால் நோயாளி குணமடைந்தாரா என்ற கேள்விக்கு இவற்றில் இடமே இல்லை.

என் அப்பாவை மூச்சுத்திணறல் முழுவதும் அடங்கும் முன்பே ஒரு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வாரத்தில் மீண்டும் சேர்க்க நேர்ந்தது. கணக்கில் அவர் இரண்டு நோயாளிகள். தங்கல் நாட்கள் குறைந்தன, சுழற்சி கூடியது, அவர் பட்ட வேதனை அந்த மருத்துவமனையின் மதிப்பெண்ணை உயர்த்தியது. இதைத் திறன் என்று ஏற்க என்னால் முடியாது.

"வரிப்பணம் வீணாகலாமா, அளக்காமல் எப்படித் திருத்துவது?" என்று கேட்பீர்கள். வீணாகக் கூடாது. உலகச் சுகாதாரச் செலவில் 20 முதல் 40 சதவீதம் வரை வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் 2010-இல் மதிப்பிட்டதை நானும் அறிவேன். பரிசோதனை முடிவுக்காகவும் வீட்டுக்கு அனுப்பும் கையெழுத்துக்காகவும் நோயாளி காத்துக் கிடக்கும் நேரத்தை அளந்து குறையுங்கள். முதல் ஆளாக வரவேற்பேன். அளக்கவே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து அளக்கத்தான் சொல்கிறேன்.

"அப்படியானால் மீள்சேர்க்கையை எண்ணினால் போதுமே" என்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2012 முதல், மீள்சேர்க்கை அதிகமாக நேரும் மருத்துவமனைகளுக்கு அபராதமே விதித்தார்கள். ஏழைகளை அதிகம் ஏற்கும் மருத்துவமனைகள் கூடுதலாக அடிபட்டதால், 2019 நிதியாண்டு முதல் ஒத்த நிலையிலுள்ள மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பிடும்படி மாற்றினார்கள். யார் உள்ளே வருகிறார்கள் என்று பாராமல் போடப்படும் எந்த மதிப்பெண்ணும் நியாயமாகாது.

நம் பட்டியலில் கடைசியில் நிற்பது எந்த மருத்துவமனை? மற்ற மருத்துவமனைகள் கைவிட்டு அனுப்பும் நோயாளிகளை, எந்த நேரத்தில் வந்தாலும் மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை. அத்தகையவர்கள் நெடுநாள் தங்கத்தான் செய்வார்கள்; சிலர் பிழைக்கவும் மாட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் அந்த மருத்துவமனையும் பட்டியலில் மேலே ஏறியிருக்கும். அந்தச் செவிலியர்களையா சோம்பேறிகள் என்கிறீர்கள்? நோயின் கடுமையையும், வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் நேரும் மரணங்களையும் மீள்சேர்க்கைகளையும் கணக்கில் கொண்டு, அந்தப் பட்டியலைத் திருத்தி வெளியிடுங்கள்.