நார்மண்டிக்கு ஒரு நாள் போதுமா?

பாரிஸ் போகிற நண்பர்கள் எனக்கு அனுப்புகிற வாட்ஸ்அப் செய்தி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். "நார்மண்டிக்கு ஒரு நாள் டூர் இருக்கு. விடியக்காலை கிளம்பி ராத்திரி ஹோட்டல்ல கொண்டுவந்து விட்டுடுவான். போலாமா?"

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. அதனால் இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். போக வர ஏழு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் நாற்பது நிமிடம், ஒமாஹா கடற்கரையில் இருபது நிமிடம். அந்த இருபதிலும் பாதி கழிவறை வரிசையில் போனது. வழிகாட்டி நன்றாகத்தான் பேசினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸை மீட்க அமெரிக்கா, பிரிட்டன் முதலான நேச நாடுகளின் படைகள் நார்மண்டியில் வந்து இறங்கிய 1944 ஜூன் 6, ஐந்து கடற்கரைகள், அவற்றுக்கு வைத்த யூட்டா, ஒமாஹா, கோல்டு, ஜூனோ, ஸ்வோர்ட் என்ற பெயர்கள், எல்லாம் சொன்னார். ஆனால் அவர் கதையில் இரண்டே தரப்புதான். கடலிலிருந்து வந்தவர்கள், கரையிலிருந்து சுட்டவர்கள். அன்றைக்கு அந்த ஊர்களில் யாராவது குடியிருந்தார்களா, மாடு கறந்தார்களா, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியே இல்லாமல் பாரிஸ் திரும்பினேன். இத்தனைக்கும் நான் கேள்வி கேட்கிற ஆள்.

இரண்டாவது தடவை தனியாகப் போனேன். செப்டம்பர் மாதம், நார்மண்டியில் பாயோ என்ற சின்ன ஊரில் நான்கு இரவு.

பாரிஸ் சேன் லசார் நிலையத்திலிருந்து பாயோவுக்கு ரயிலில் இரண்டேகால், இரண்டரை மணி நேரம். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'பேயக்ஸ்' என்று கேட்டால் கவுன்டரில் இருப்பவர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். வழியில் வருகிற பெரிய ஊர் கான். இது சினிமா விழா நடக்கிற ஊர் இல்லை, அது தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டிக்கெட் போடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிஜமாகவே உண்டு. ரயில் ஏறுவதற்கு முன் லா ஷப்பேல் பக்கம் போய் இலங்கைத் தமிழர் கடையில் ரோல்ஸும் வடையும் கட்டிக்கொண்டேன். நார்மண்டியில் மதியம் இரண்டு மணி தாண்டினால் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்று முதல் பயணத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பாயோவில் ஏன் தங்க வேண்டும்? படையிறக்கத்துக்கு மறுநாள், ஜூன் 7 அன்றே, கிட்டத்தட்டச் சேதமே இல்லாமல் விடுதலையான ஊர் அது. 1077-ல் அர்ப்பணிக்கப்பட்ட கதீட்ரல், மரச்சட்டம் வெளியே தெரிகிற பழைய வீடுகள், ஊருக்குள் ஓடுகிற சின்ன ஆறு, எல்லாம் அப்படியே இருக்கின்றன. அழகான ஊர்தான். ஆனால் அந்த அழகு ஒரு தற்செயல். அது எவ்வளவு பெரிய தற்செயல் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. அதற்கு வருகிறேன்.

1066-ல் நார்மண்டியின் டியூக் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைத் துணியில் தைத்து வைத்திருக்கிறார்களே, சுமார் எழுபது மீட்டர் நீளத்துக்கு, அதுவும் இந்த ஊர்தான். அந்த அருங்காட்சியகத்தை 2025 செப்டம்பரில் புதுப்பிப்பதற்காக மூடிவிட்டார்கள். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

ஊரிலிருந்து நடக்கிற தூரத்திலேயே பிரிட்டிஷ் ராணுவக் கல்லறை இருக்கிறது. 4,600-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அவற்றில் நானூற்றுச் சொச்சம் ஜெர்மானியர்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் உடலே கிடைக்காத 1,800 பேருக்கான நினைவு மண்டபம். அதன் நெற்றியில் லத்தீனில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். அன்று வில்லியத்திடம் தோற்ற நாங்கள், இன்று அந்த வெற்றியாளனின் தாய்மண்ணை விடுவித்தோம் என்பது அதன் பொருள். 900 வருஷக் கணக்கை ஒரே வரியில் நேர் செய்துவிட்டார்கள். சுற்றிலும் சாவு கிடக்கும்போதும் பிரிட்டிஷ்காரருக்கு அந்தக் குசும்பு விடவில்லை என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கல்லறைகளின் அடியில் பெற்றோர் எழுதிக் கொடுத்த வரிகளைப் படிக்க ஆரம்பித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் ஒமாஹா. பாயோவிலிருந்து கடற்கரை ஊர்களுக்கு அரசுப் பேருந்து உண்டு, ஆனால் ஒரு நாளைக்கு எண்ணி நாலைந்து நடைதான். பள்ளிக்கூட நாள், விடுமுறை நாள், ஞாயிறு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை. அட்டவணையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு மிதப்பாகப் போனேன்.

அலை வடிந்திருந்த நேரம். கடற்கரையின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் நடந்து பார்த்தேன். ஈர மணல், அங்கங்கே கணுக்கால் அளவு தேங்கிய நீர். நிதானமாக நடந்தால் ஐந்து நிமிடம் ஆகிறது. தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்து திரும்பி நின்றால்தான் மேட்டு நிலம் முழுசாகக் கண்ணில் படுகிறது. அங்கிருந்து பார்க்கிறவனுக்கு இந்த மணலில் ஒரு நண்டுகூடத் தப்பாது. ஜெர்மானியர்கள் நட்டு வைத்த இரும்புத் தடைகள் அலை ஏறும்போது நீருக்குள் மறைந்துவிடும் என்பதால் தாழ்ந்த அலையில் இறங்கினார்கள். படகுக்கு அது நல்லது. இறங்கி ஓடினவனுக்குத்தான் அத்தனை நீளம். இதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். என் ஷூ நனைந்து, மூச்சு வாங்கி, திரும்பி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. டூர் பஸ் வந்து நிற்கிற நேரத்தில் அலை எந்த நிலையில் இருக்கும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மேலே கொல்வில் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். வெள்ளைச் சலவைக்கல், ஒன்பதாயிரத்து முந்நூற்றுக்கும் மேல். தன் சொந்தக்காரரின் கல்லறையைத் தேடி வந்த ஒரு குடும்பத்தோடு பணியாளர் ஒருவர் வாளியோடு போனார். வாளியில் ஈர மணல், கீழே ஒமாஹாவிலிருந்து எடுத்தது. வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து புகைப்படத்தில் தெரியாது என்பதால், அந்த மணலைப் பெயரின் மேல் அப்பி, மிச்சத்தைப் பஞ்சால் துடைத்துவிடுகிறார். பெயர் மட்டும் பழுப்பு நிறத்தில் எழுந்து நிற்கிறது. அடுத்த மழை வரைக்கும் அப்படியே இருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கடைசி பஸ் போய்விட்டது.

யார் மேலும் குற்றம் இல்லை, அட்டவணையில் நான் பார்த்த வரி பள்ளி நாளுக்கானது. சரி, நடப்போம் என்று உள்நாட்டுப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் புக்காஜ் என்று அவர்கள் சொல்கிற வேலிகளைக் கிட்டத்தில் பார்த்தேன். நம் ஊர் முள்வேலி மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் உயர மண்கரை, அதன் மேல் மரங்கள், பல நூற்றாண்டாக அந்த வேர்கள் மண்ணைச் சிமென்ட் மாதிரி இறுக்கி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு வயலும் ஒரு கோட்டை. கடற்கரையை ஒரு நாளில் பிடித்தவர்கள் இந்த வயல்களில் வாரக் கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். கடைசியில், கடற்கரையில் கிடந்த ஜெர்மன் தடைகளின் இரும்பையே வெட்டி டாங்கின் மூக்கில் கொம்பு மாதிரி பற்றவைத்து வேலிகளைக் குத்திக் கிழித்தார்கள். எந்த ஒரு நாள் டூரும் இங்கே நிற்காது. பார்ப்பதற்கு வேலியும் மாடும்தானே.

அடுத்த கிராமத்துச் சந்தியில் போர் நினைவுத்தூண். பிரான்ஸில் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. 1914-18-க்கு நீண்ட பட்டியல், 1939-45-க்குச் சின்னப் பட்டியல், அதற்குக் கீழே 'சிவில் பலிகள்' என்று தனியாகச் சில பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் நின்றது. ஓட்டி வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பாயோவில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். என் ஓட்டைப் பிரெஞ்சில் எங்கெல்லாம் போனேன் என்று ஒப்பித்தேன். "சேன் லோவுக்குப் போனீர்களா?" என்றார். இல்லை என்றேன். "யாரும் போவதில்லை" என்று சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்து ஓட்டினார். அவர் பிறந்த ஊர் அதுதானாம்.

மறுநாள் ரயில் பிடித்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜெர்மன் துணைப்படைகள் கடற்கரைக்கு வராமல் தடுக்க, சாலைகள் கூடுகிற ஊர்களை எல்லாம் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு அடைத்தன. சேன் லோ அப்படி ஒரு சந்திப்பு. ஜூன் 6 இரவு அந்த ஊர் எரிந்தது. ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று எச்சரிக்கிற துண்டுப் பிரசுரங்களைத் தூவத்தான் செய்தார்கள், காற்று அவற்றில் பலவற்றை வயல்வெளிக்குக் கொண்டுபோய்விட்டது. சிறையில் ஜெர்மானியர்கள் அடைத்து வைத்திருந்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கக்காரர்கள் பூட்டின அறைக்குள்ளேயே இறந்தார்கள். விடுவிக்க வந்தவர்களின் குண்டில். அந்தச் சிறையின் வாசல் மட்டும் இப்போதும் நிற்கிறது. உள்ளே போக எதுவும் இல்லாத வாசல். பெரிய தேவாலயத்தின் முகப்பு இடிந்துபோன இடத்தைப் பழையபடி கட்டவில்லை, பச்சை நிறக் கற்சுவர் எழுப்பி மூடியிருக்கிறார்கள். சுற்றிலும் ஐம்பதுகளின் கான்கிரீட் கட்டடங்கள். 'இடிபாடுகளின் தலைநகரம்' என்று அந்த ஊரைச் சொன்னார்கள். பாயோவிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். முதல் நாள் நான் ரசித்த மரச்சட்ட வீடுகளுக்கும் இதற்கும் நடுவில் இருந்தது ஒரு வரைபடத்தில் சாலைகள் எங்கே சேர்ந்தன என்ற கணக்கு மட்டும்தான்.

நார்மண்டியில் அந்தக் கோடையில் இறந்த பொதுமக்கள் சுமார் 20,000 பேர். பெரும்பாலும் நேச நாட்டுக் குண்டுகளால். சேன் லோ, கான், லு ஆவ்ர், எல்லாம் இந்தக் கணக்கில் வரும். படையிறக்க விழாவில் ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி இவர்களுக்கென்று அஞ்சலி செலுத்த 2014 வரை ஆயிற்று. கான் நகரில் ஒல்லாந்த் செய்தார். 2024-ல் மக்ரோன் சேன் லோவுக்கே போனார். வில்லியம் பிறந்த ஃபலேஸ் ஊரில் போர்க்காலப் பொதுமக்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் 2016-ல்தான் திறந்தது. விடுவித்தவரிடம் 'என் அம்மாவைக் கொன்றது உங்கள் குண்டு' என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே ஒரு தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது. நேச நாடுகள் செய்தது தப்பு என்று சொல்கிற தகுதி எனக்கில்லை, அந்தப் போரை யார் ஜெயித்திருக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காசு கொடுத்து ஒரு நாள் முழுக்க நார்மண்டியைச் சுற்றிப் பார்த்தவனுக்கு இந்த 20,000 பேர் காதில்கூட விழவில்லை என்றால் அந்தச் சுற்றுலாவில் ஏதோ கோளாறு இருக்கிறது.

கடைசி நாள் டாக்ஸி வைத்துக்கொண்டேன். சைக்கிளில் முடிகிறவர்கள் சைக்கிளில் போகலாம், என் முழங்கால் சம்மதிக்கவில்லை. லா காம்ப் ஜெர்மன் கல்லறையில் 21,000-க்கும் மேல் புதைந்திருக்கிறார்கள். கருங்கல் சிலுவைகள், நடுவில் ஒரு மண்மேடு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் நிறைய. மனசு இளகிக்கொண்டே நடந்தேன். ஆனால் ஒராதூர் கிராமத்தில் பெண்கள் குழந்தைகள் உட்பட அறுநூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்களே, அந்தப் படையை நடத்திப்போன நாஜி எஸ்எஸ் படை அதிகாரி டீக்மானும் இங்கேதான் கிடக்கிறான். அதே புல், அதே கல். இந்த இடத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

'அங்கோவில் ஓ ப்ளேன்' என்ற ஊரைப் பற்றி அந்தக் குழப்பம் இல்லை. நாலு வீடும் ஒரு சின்னத் தேவாலயமும்தான் ஊரே. ரைட், மூர் என்ற இரண்டு இளம் அமெரிக்க மருத்துவப் பணியாளர்கள், பாராசூட்டில் இறங்கினவர்கள், அந்தத் தேவாலயத்தில் எண்பது பேர் அளவுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அமெரிக்கர், ஜெர்மானியர் இரண்டு தரப்பும், உள்ளூர்க் குழந்தை ஒன்றும். ஊர் கை மாறிக்கொண்டே இருந்தது, இவர்கள் நகரவில்லை. கூரையைத் துளைத்து உள்ளே விழுந்த ஒரு குண்டு வெடிக்காமல் தரையோட்டை மட்டும் உடைத்தது, அந்த உடைசல் இப்போதும் இருக்கிறது. மர பெஞ்சுகளில் ரத்தக் கறை. பார்த்ததும் ரத்தம் என்று தெரியாது. நல்லெண்ணெய் சிந்தி ஊறின பழைய பலகை மாதிரி, மர நரம்போடு கலந்து கருத்திருக்கிறது. விரல் வைக்கப் போய், எடுத்துக்கொண்டேன். ரைட் 2013-ல் இறந்த பிறகு அஸ்தியை அந்த வளாகத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் இன்னும் ஒரே ஒரு தம்பதிதான் வந்தார்கள். வாசலில் பெரிய பஸ் நிறுத்த இடமே கிடையாது.

சரி, நடைமுறை விஷயம். ஜூன் முதல் வாரம் வேண்டாம். ஜீப்பும் பழைய ராணுவ உடுப்புமாகத் திருவிழாக் கூட்டம், அறை கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள். அலை நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒமாஹாவுக்குக் கிளம்புங்கள். இன்டர்நேஷனல் பர்மிட்டும் வலதுபக்கச் சாலையில் ஓட்டுகிற தைரியமும் இருந்தால் கார் எடுக்கலாம், தப்பில்லை. கல்லறைகளுக்கு எங்கேயும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சைவக்காரர்கள் சீஸும் முட்டையும் வைத்த கேலட் தோசையில் பிழைத்துக்கொள்ளலாம், முட்டையும் ஆகாது என்றால் சீஸ் மட்டும்.

அதே பயணத்தில், மடாலயத் தீவான மோன் சேன் மிஷேலையும் ஒரு நாளில் முடித்துவிடலாமா என்று இதற்குக் கீழே கேட்கப் போகிறவர்களுக்கு: முடிக்கலாம். என்னிடம் கேட்காதீர்கள்.