அம்மாயியின் ஒரு நாள் பேரு

அம்மாயி ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுச் சாப்பிட ஆரம்பித்தபோது இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சம்பல் எரியுது" என்பார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். வாயைத் திறந்தால் மூன்று விரல் மேலும் கீழுமாக நுழைய வேண்டும். அவருக்கு ஒரு விரல்தான் போனது. வெத்தலை, பாக்கு, புகையிலை. குளிரிலும் மழையிலும் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு வேறு என்ன துணை இருந்தது? டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேரு, அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். போனபோது புண் தாடை எலும்பைத் தொட்டிருந்தது.

இன்று நான் பயோ இன்ஜினியரிங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே சந்தேகிக்க உதவும், போனில் மாட்டுகிற நீல விளக்குதான் என் வேலை. நீல ஒளியில் நல்ல சதை இளம்பச்சையாக ஒளிரும், மாறத் தொடங்கிய இடம் கறுத்துத் தெரியும். சாதாரணப் புண்ணும் கறுத்துத்தான் தெரியும், வெத்தலைக் கறையும் படத்தைக் கெடுக்கும். அதனால் வாய் கொப்பளித்து, துடைத்து, வெள்ளை வெளிச்சத்திலும் ஒரு படம் எடுக்க வேண்டும். சதைத் துண்டு எடுத்துச் சோதித்தால்தான் முடிவு தெரியும். யாரை உடனே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் இந்த விளக்கு சொன்னால் போதும்.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது. எங்கள் லயங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை. "நான் பொயில போடுறதில்ல, பாக்கு மட்டுந்தான்" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

கொழுந்து மடுவத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நிறுவைக்கு எல்லோரும் வருகிற இடம். ஒரு அக்கா சொன்னார்: "கணக்கப்பிள்ளை முன்னாடி வாயத் தொறந்து காட்டுறதா பாப்பா? பிள்ளை மடுவத்துல வையி. அம்மாமாரும் வருவாங்க, பாட்டிமாரும் வருவாங்க." பிள்ளை மடுவம் என்றால் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம். எந்த ஆய்வுக் கட்டுரையும் எனக்கு இந்த யோசனையைச் சொல்லித் தரவில்லை.

வாய்ப் புற்றுநோய் தெரிந்த பல் வைத்தியர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் இருக்கிறார்கள், நாட்டுக்கே பல் வைத்தியர்களை உருவாக்கிய பீடம் அது. மலையிலிருந்து அங்கே போக பஸ் இருக்கிறது. இல்லாதது அந்த ஒரு நாள் சம்பளம். கருவி எவ்வளவு துல்லியமானாலும், "நாளைக்கே போங்க" என்று நான் சொல்லும்போது எதிரே இருக்கும் பெண் முதலில் கணக்குப் பார்ப்பது தன் பேரைத்தான். அதற்கு என்னிடம் விளக்கு இல்லை.

அடுத்த சம்பளப் பேச்சில் உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்களே, இதையும் கேளுங்கள்: சோதனைக்கு அனுப்பப்படுகிற நாளுக்கு அரைப் பேரு வேண்டாம், முழுப் பேரு போடச் சொல்லுங்கள்.