தரிசு என்று எழுதப்பட்ட தண்ணீர்

மனைப்பிரிவு வரைபடம் வரைவது என் தொழில். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் பதினெட்டு ஆண்டுகளாக நிலம் அளந்து வருகிறேன். போன ஐப்பசியில் ஆறு ஏக்கர் நிலம் ஒன்றை அளக்கப் போனபோது எல்லைக் கல்லைத் தேடி முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தது. கோரை இடுப்பளவு வளர்ந்திருந்தது. நாங்கள் கால் வைத்ததும் நாமக்கோழிகள் கூட்டமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின. கையிலிருந்த அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) நகலில் அந்தப் புல எண்ணுக்கு நேரே ‘புன்செய்’ என்று இருந்தது. அதை ஒட்டிய, அதைவிட ஆழமாகத் தண்ணீர் நின்ற அரசு நிலத்துக்கு நேரே ‘தரிசு’ என்று இருந்தது. பட்டா சரியாக இருந்தது, வில்லங்கம் இல்லை, பாதை இருந்தது. தை மாதம் தண்ணீர் வடிந்த பிறகு பார்வையிட வந்த அலுவலர்களுக்கு வெடித்த களிமண்ணும் மேயும் ஆடுகளும்தான் தெரிந்தன. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கிடைத்தது. வரைபடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

கார்பன் உமிழ்வைக் குறைப்பது என்றால் நம் பேச்சு பெரும்பாலும் அனல்மின் நிலையங்களையும் மின்சார வண்டிகளையும் சுற்றியே இருக்கிறது. காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2019ஆம் ஆண்டுக்கான கணக்கில், உலகின் பசுமைக்குடில் வாயு உமிழ்வில் 22 விழுக்காடு வேளாண்மை, காடு, நிலப் பயன்பாடு ஆகியவற்றிலிருந்து வருகிறது. நகரம் பரந்து விரிவதால் கூடும் பயணமும் கட்டுமானமும் இதற்கு வெளியே, வேறு தலைப்புகளில் எண்ணப்படுபவை. ஆகவே நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது பெரிய கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் மாநிலத்தில் விடை எழுதப்படும் இடம் காலநிலைக் கொள்கை ஆவணம் என்று நான் நம்பவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் மேசையில் இருக்கும் அ-பதிவேட்டில், ‘வகைப்பாடு’ என்ற கட்டத்தில்தான் அந்த விடை பல தலைமுறைகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அந்தப் பதிவேடு எதற்காகப் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விவசாயியிடமிருந்தே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் கம்பெனி அரசாங்கமும் பின்னர் வந்த ஆங்கிலேய அரசும் ஒவ்வொரு வயலையும் அளந்து எண் கொடுத்தது தீர்வை வாங்குவதற்காக. பாசனம் இருந்தால் நன்செய், வானம் பார்த்தால் புன்செய், தீர்வை தேறாவிட்டால் தரிசு, ஊருக்குப் பொதுவாகக் கிடந்தால் புறம்போக்கு. நிலம் என்ன செய்கிறது என்று அந்தப் பதிவேடு கேட்கவில்லை. எவ்வளவு கொடுக்கும் என்று மட்டுமே கேட்டது. கழுவெளிகளும் சதுப்புகளும் வெள்ளக்கால் நிலங்களும் கஜானாவுக்கு எதுவும் கொடுக்காததால் அவை தரிசாயின. சுதந்திரத்துக்குப் பிறகு நில வரியின் முக்கியத்துவம் போய்விட்டது. வரிக்காக வைத்த பெயர்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. அரசின் எந்தத் துறைக்காவது இடம் வேண்டுமென்றால் இன்றும் மாவட்ட நிர்வாகம் முதலில் தேடுவது ‘தரிசு’ என்ற சொல்லைத்தான்.

பள்ளிக்கரணைக்கு நேர்ந்தது இதுதான். 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த அந்தச் சதுப்பு, தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் கழிமுகத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. வருவாய்க் கணக்கில் பயனற்ற நிலம் என்பதால் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அங்கே வந்தது. சாலை வந்தது, அரசு நிறுவனங்கள் வந்தன, ரயில் நிலையம் வந்தது, அவற்றைப் பின்தொடர்ந்து அடுக்குமாடிகள் வந்தன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது அந்த இடம் வருவாய்த் துறையிடமிருந்து வனத்துறையின் கைக்கு மாறியது. மண்ணும் நீரும் பறவையும் அப்படியேதான் இருந்தன. பதிவேட்டில் ஒரு சொல் மாறியதும் குப்பை லாரிக்கு அந்தப் பகுதி எட்டாத இடமானது. 2022இல் 1,247.54 ஹெக்டேர், ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த எல்லைக்குள் எந்தெந்தப் புல எண்கள் வருகின்றன என்பது களத்தில் சரிபார்க்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறவில்லை. இறுதியில் 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கள ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கும் கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. உலக அளவிலான ஓர் ஒப்பந்தத்துக்கும் ஒரு தாலுகா அலுவலகப் புலப்படத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் பாலம் போடப்படாமல் கிடந்தன.

சதுப்பு நிலத்தில் தேங்கிய நீருக்கு அடியில் மண்ணில் காற்றுப் போகாது. அதனால் கோரையும் நாணலும் மடிந்து மடிந்து முழுவதும் மட்காமல் கார்பனாக அடியில் சேர்கின்றன. சதுப்பு மீத்தேனையும் வெளியிடும் என்பது உண்மை. ஆனால் அதை வடித்து, தோண்டி, நிரப்பும்போது, பல நூறு ஆண்டுகள் சேர்ந்த இருப்பு சில ஆண்டுகளில் காற்றுக்குப் போகிறது. இது மண்ணுக்குள் நடப்பது. மண்ணுக்கு மேலே நடப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். பள்ளமான ஓர் ஏக்கரை நான்கு அடி உயர்த்த வேண்டுமானால் 1,74,240 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற எங்கள் பேச்சில் 1,742 யூனிட். ஆறு யூனிட் ஏற்றும் லாரி 290 நடை அடிக்க வேண்டும். அதில் ஏறிய சவுடு மண் வேறோர் ஊரின் ஏரியிலிருந்தோ பட்டா நிலத்திலிருந்தோ வெட்டப்பட்டது. ஆறு ஏக்கருக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுகளில் நான் கொண்டுபோய்க் கொடுத்த எந்த விண்ணப்பத்திலும் எவ்வளவு மண் கொட்டுவீர்கள், எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்ற கேள்வி இருந்ததில்லை.

கேள்விகள் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு துறையும் தன் கேள்வியை மட்டும் கேட்டுத் தடையின்மைச் சான்று கொடுக்கிறது. நீர்வளத் துறை தன் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் இடைஞ்சல் உண்டா என்று பார்க்கிறது. வேளாண் துறை பயிர் உண்டா என்று பார்க்கிறது. வருவாய்த் துறை உரிமையைப் பார்க்கிறது. இந்த மூன்று தாள்களையும் ஒன்றாக வைத்து, இந்த நிலம் மழைநீருக்கு என்னவாக இருந்தது என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஏரிகளிலேயே பிரிவு உண்டு: 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மேல் ஏரி ஒருவர் கையிலும் அதன் கலங்கல் நீர் போய்ச் சேரும் கீழ் ஏரி இன்னொருவர் கையிலும் இருக்கின்றன. தண்ணீருக்கு இந்தப் பிரிவு தெரியாது. இதற்கு மேல் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் நெல் வயல்களையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. தமிழ்நாட்டின் ஈரநிலம் என்றால் பெரும்பங்கு ஏரியும் கண்மாயும்தான். அவற்றை ஒரே வாக்கியத்தில் வெளியே நிறுத்திவிட்டு ஈரநிலப் பாதுகாப்பைப் பேசுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் ஏற்கெனவே பேருந்தும் ரயிலும் இருக்கும் இடங்களில் நெருக்கமாக வாழ வழி செய்தால் வெளியூர் வயல்கள் தப்பும், பெட்ரோலும் மிச்சமாகும். வேளச்சேரி வரை 2007இல் வந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு இணைக்கும் ஐந்து கிலோமீட்டர் பாதை, கடைசி ஐந்நூறு மீட்டர் நிலம் எடுப்பதில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. சென்னையின் போக்குவரத்தை ஒன்றாகத் திட்டமிட 2010இல் சட்டம் இயற்றிக் குழுமம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் முதல் கூட்டம் 2022இல் நடந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நானும் என்னைப் போன்றவர்களும் பேருந்து போகாத எத்தனையோ ஊர்களில் மனை பிரித்துவிட்டோம். அங்கே குடியேறியவர்கள் வீட்டுக்கு இரண்டு வண்டி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

விதியால் எதுவும் மாறாது, எல்லாம் அரசியலும் பணமும்தான் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு 2016ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விற்கப்பட்டுக்கொண்டிருந்த மனை வணிகம் சில வாரங்களில் நின்றுபோனதை நான் அருகிலிருந்து பார்த்தேன். எத்தனையோ ஆண்டுகள் நகர் ஊரமைப்புச் சட்டத்தால் செய்ய முடியாததை சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒரு கதவு செய்தது. பிறகு 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். விண்ணப்பிக்கும் கால அவகாசம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய ஏழை எளியவர்களுக்கு அந்த வழி தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், மீறினால் பின்னால் ஒரு நாள் கட்டணம் கட்டித் தப்பிக்கலாம் என்ற பாடத்தையும் சந்தை அதிலிருந்து கற்றுக்கொண்டது.

காவிரி டெல்டாவுக்கு 2020இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நான் மனதார வரவேற்றவன். புதிய ஹைட்ரோகார்பன் பணிகளையும் உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றையும் அது தடுக்கிறது. ஏற்கெனவே நடக்கும் பணிகளையும் சாலை, துறைமுகம், குழாய்ப் பாதை போன்றவற்றையும் அது தொடவில்லை. அதன் தடைப் பட்டியலில் மனைப்பிரிவும் இல்லை. எண்ணெய்க் கிணறு வராத வயலில் மனை எல்லைக்கான மஞ்சள் கல் நடுவதற்கு அந்தச் சட்டத்தில் தடை ஏதும் கிடையாது. இதற்கு நேர் எதிராக, நீர்நிலைகள் உள்ள 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் விவாதமே இல்லாமல் பேரவையில் நிறைவேறியது. இரண்டும் ஒரே மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் மூன்றாண்டு இடைவெளியில் இருக்கின்றன.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்துக் கற்க வேண்டியது இருக்கிறது. கேரளம் 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, தடை விதித்ததோடு நிறுத்தவில்லை. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழு ஒவ்வொரு வயலையும் பார்த்து, புல எண் வாரியாகத் தரவுப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று சொன்னது. வரிக்காக எழுதிய பழைய பெயருக்குப் பக்கத்தில் நிலத்தின் இன்றைய நிலையை எழுதும் இரண்டாவது பதிவேடு அது. பட்டியலில் தவறுகள் இருந்தன. பல ஊர்களில் அது வர ஆண்டுகள் பிடித்தன. 2018 திருத்தம், பட்டியலில் இல்லாத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி திறந்ததும் தங்கள் நிலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பங்கள் குவிந்தன. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சண்டை ஒரு பட்டியலைச் சுற்றி நடக்கிறது என்றால், அந்தப் பட்டியலுக்கு வலு வந்துவிட்டது என்று பொருள். 2020இல் அந்த மாநிலம் நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு இரண்டாயிரம் ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. தொகை சிறியது. ஆனாலும் நிலத்தை நிலமாக வைத்திருப்பதும் ஒரு வேலை என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். நம் ஊராட்சிக்கு மனை வந்தால் வீட்டு வரி வரும்; மேய்க்கால் புறம்போக்கைக் காத்து வைத்திருந்தால் ஒரு காசு வராது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஊராட்சித் தலைவர்களுக்குச் சூழலியல் வகுப்பு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சென்னைப் பெருநகருக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. அதன் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் எவ்வளவு பச்சை வண்ணம் அடித்தாலும், அந்த வண்ணம் புல எண் வாரியாக அ-பதிவேட்டில் ஏறி, பத்திரம் பதியும் கணினியில் தெரியாவிட்டால் அது சுவரில் மாட்டும் படமாகவே இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைப் புலப்படத்தில் குறிக்க வேண்டும். களப் பார்வை தையில் நடக்காமல் கார்த்திகையில் நடக்க வேண்டும். தரிசு என்ற வகைப்பாட்டில் உள்ள ஒவ்வொரு புல எண்ணையும் கிராம சபை முன்னால் வாசித்து, அது மேய்ச்சலா, தாங்கலா, ஓடையா, உண்மையிலேயே வெற்று நிலமா என்று ஊரைக் கேட்டு எழுத வேண்டும். மண் கொட்டும் அளவையும் அது வரும் இடத்தையும் விண்ணப்பத்தில் கேட்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. பெரும்பாலானவை விதியிலும் அரசாணையிலும் படிவத்திலும் செய்யக்கூடிய மாற்றங்கள்.

அந்த ஆறு ஏக்கருக்குப் பிறகு ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் போய்ப் பார்க்காமல் எந்த நிலத்தையும் வரைவதில்லை. தண்ணீர் எட்டிய இடத்தை நீலப் புள்ளிக் கோடாக வரைபடத்தில் போட்டு, பார்த்த தேதியை அருகில் எழுதுகிறேன். சட்டம் அதைக் கேட்கவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு அளவரிடம் போய்விட்டார்கள். போன மாதம் ஓர் ஒப்புதல் அலுவலகத்தில் இளம் அலுவலர் ஒருவர் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோப்பை மூடாமல், அந்தப் புல எண்ணுக்கு மேலே உள்ள ஏரியின் வரைபடத்தை எடுத்துவரச் சொன்னார்.