ஒத்திகை முடிந்து நாலாம் நாள்

2021 மே மாதம். ஒரு அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் அம்மாவுக்குத் துணையாக இருந்தேன். ராத்திரி டூட்டிக்கு ஒரே ஒரு சிஸ்டர், நாற்பது கட்டிலுக்கு மேல் இருக்கும். நான் அம்மாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்ஸிமீட்டரில் எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்க, வார்டின் அந்தக் கோடியிலிருந்து அவர் வேகமாக வந்தார். மாஸ்க்கில் தொங்கும் பை சப்பையாகக் கிடப்பது அங்கிருந்தே அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஆக்சிஜன் குழாய் கட்டில் கம்பியில் மடங்கியிருந்தது. நிமிர்த்திவிட்டு, அம்மாவைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிபிஇ கிட்டின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. முகத்தைப் பார்த்ததே இல்லை.

தற்காலிக ஆள்தான் என்று அப்புறம் தெரிந்தது. தொகுப்பூதியம், மாதம் 14,000 ரூபாய்.

2022 டிசம்பர் 27 அன்று நாடு முழுக்க மருத்துவமனைகளில் கொரோனா ஒத்திகை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? படுக்கை, ஆக்சிஜன், வென்டிலேட்டர், ஆட்கள் எல்லாம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நாலே நாளில், டிசம்பர் 31ஆம் தேதியோடு, தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் ஒப்பந்தம் முடிந்தது. இடஒதுக்கீட்டு விதிப்படி எடுக்கவில்லை, மாற்றுப் பணி தருகிறோம் என்றது அரசு. சரி, இடஒதுக்கீட்டில் எனக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, ஆனால் முறைப்படி தேர்ந்தெடுத்து நிரந்தரமாக்க நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இது புதுப் பாடமும் இல்லை. 2003இல் கனடாவின் டொராண்டோவில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது, நிரந்தர வேலை இல்லாத நர்ஸ்கள் பலர் பிழைப்புக்காக இரண்டு மூன்று மருத்துவமனைகளில் மாறி மாறி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொற்று பரவாமலிருக்க ஒரே இடத்தில் இரு என்று சொன்னதும் அவர்களுக்கு வருமானம் போச்சு, மற்ற மருத்துவமனைகளில் ஆள் இல்லாமல் போச்சு. அதற்கு முந்தைய வருடமே நர்ஸ் பணி பற்றி ஆராயும் லிண்டா எய்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து சொல்லியிருந்தது: ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. அந்த ராத்திரி வார்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆக்சிஜன் டேங்க் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது நிறைய மருத்துவமனை வளாகங்களில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது, பார்க்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. குழாய் மடங்கினால் டேங்க்குக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த ஒத்திகையில் கையில் படிவத்தோடு வரும் அதிகாரியிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். அதில் நர்ஸ் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்குமே, அந்த எண்ணில் எத்தனை பேருக்கு அடுத்த மாதமும் வேலை இருக்கிறது?