வாவிக்குள்ள விட்டா புண்ணியமாம்

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். வெளிநாடு போகிற தம்பி ஒருவர் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் நின்று, தான் வளர்த்த மீன்களை வாளியோடு வாவியில் கவிழ்த்த அந்த வீடியோதான். பின்னால் உருக்கமான பாட்டு, மேலே "போய் வாழுங்க செல்லங்களா" என்று எழுத்து, கீழே வரிசையாக இதயங்கள். நான் மரியாதையாகத்தான் எழுதினேன்: தம்பி, வளர்ப்பு மீனை வாவியில் விடாதீர்கள், யாரிடமாவது கையில் கொடுத்திருக்கலாமே என்று. "அண்ணனுக்கு வேற வேலை இல்ல போல" என்று பதில் வந்தது. அதற்கும் இதயங்கள்.

சரி, வேலை இல்லாதவன் எழுதுகிறேன்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாலு கோல்ட் பிஷ், ஒரு டேங்க் கிளீனர் (தொட்டிப் பாசியைத் தின்னும் என்று விற்கிற மீன்). கோல்ட் பிஷ் நன்னீர் மீன். முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏறினால் தாங்காது. தப்பினாலும் அந்தச் செம்மஞ்சள் நிறத்தை நீர்க்காகம் விட்டுவைக்குமா? டேங்க் கிளீனர் அப்படி லேசில் சாகாது. தென் அமெரிக்க மீன், உடம்பெல்லாம் கவசம். கரையைக் குடைந்து முட்டையிடும். வலையில் மாட்டினால் வலையைத்தான் அறுக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் லகுனா ஏரி மீனவர்களைப் படாதபாடு படுத்தியது இதுதான். நம் நாட்டு நீர்நிலைகளிலும் ஏற்கெனவே பரவியிருக்கிறது. தானாக நீந்தியா வந்தது? இரண்டு அங்குலத்தில் ஆசையாக வாங்கி, ஒரு அடி ஆனதும் பயந்தவர்கள் விட்டதுதான்.

"ஒரு மீனால என்ன மனே நடக்கும்" என்று கீழே எழுதியிருந்தார் ஒரு பெரியவர். ஐயா, தண்ணீரில் மிதந்து பரவுகிற ஆற்றுவாழையையும் பூ அழகென்றுதான் கொண்டுவந்தார்கள். அதை ஒழிக்க 1909இலேயே சட்டம் போட்டார்கள். இன்றைக்கும் தோணிக்காரர் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்.

"திலாப்பியாவும் வெளிநாட்டு மீன்தானே, தின்கிறீர்களே" என்ற கேள்வி கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஓம், 1952இல் வந்தது. அரசாங்கம் மீன்பிடிக்கென்று யோசித்துத்தான் தண்ணீரில் விட்டது. நீங்கள் யோசிக்காமல் கவிழ்த்தீர்கள். அவ்வளவுதான் என் பதில். "மீன் தின்கிறவனுக்கு மீன் மேல என்ன பாசம்" என்றவருக்குப் பதில் இல்லை, போங்கள்.

கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார் என்று ஒருவர் எழுதியது மட்டும் உண்மை. எனக்கும் நடந்தது. ஆறு வருடத்துக்கு முன் கூட்டாளி ஒருவன் கனடா போகும்போது இரண்டு தொட்டியை என் வீட்டில் இறக்கினான். "ஒரு மாசம் பார்த்துக்கொள்ளடா, அக்கா வந்து எடுப்பா." அக்கா வரவில்லை. அதிலிருந்த டேங்க் கிளீனர் ராவில் கண்ணாடியில் மோத, அம்மா எழும்பி "ஆரது?" என்பா. கடையில் கேட்டால் "வாவில விடுங்க அண்ணே" என்கிறார்கள். விற்றவர்களே!

நாலு மாதம் அலைந்து, வாழைச்சேனையில் சீமெந்துத் தொட்டி வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். ஒரு நாள் சாப்பாடு போடாமல் வைத்து, மூடி போட்ட வாளியில் பஸ் ஏறினேன். கொண்டக்டர் மூடியைத் தூக்கிப் பார்த்து, "இத ஆக்கலாமா?" என்றார். எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு கழிக்கும், எல்லாம் சொல்லித்தான் வாழைச்சேனைக்காரரிடம் கொடுத்தேன். மறைத்துக் கொடுத்தால் நாளைக்கு அவரும் பாலத்துக்குத்தான் போவார். தொட்டித் தண்ணீரையும் பாசியையும் வாவியில் ஊற்றவில்லை, தென்னைக்கு ஊற்றினேன். நாலு மாத அலைச்சல் அது. உங்களுக்கு நாலு நிமிட வீடியோ.

வெளிநாடு போகிறீர்கள் தம்பி, சந்தோசம். ஆனால் போகிறவர்களுக்கு இங்கே இருப்பதெல்லாம் கவிழ்த்துவிட்டுப் போகிற வாளிதானா? நாயைத் தெருவில் விடுவீர்கள், மீனை வாவியில் விடுவீர்கள், வயதான அம்மாவைக் கமராவும் பூட்டும் போட்ட மாடி வீட்டில் விடுவீர்கள். மிச்சத்தை இங்கே இருக்கிற வேலையில்லாதவர்கள் பார்க்க வேண்டும்.

கனடாக்காரன் இந்த ஆறு வருடத்தில் மீன் எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வீடியோவுக்கு இதயம் போட்டவர்களில் அவன் பெயரும் இருந்தது.

அவனுடைய சின்னத் தொட்டி என் விறாந்தையில் காலியாகத்தான் கிடக்கிறது. கல்லடி, நாவற்குடாப் பக்கம் மீன் வேண்டாம் என்கிறவர்கள் வாளியோடு வாருங்கள். டேங்க் கிளீனர் என்றால் மட்டும் முதலில் போன் எடுத்துவிட்டு வாருங்கள், அம்மாவிடம் கேட்க வேண்டும்.