சட்டியக் கழுவாதீங்க அத்தை

(டெக்ஸாஸ்ல பிளேனோ. நவம்பர் மாசம் நாலாவது வியாழன், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை, மத்தியானம் மூணு மணி. பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேரு நாலு மணிக்கு சாப்பிட வர்றாங்க, மாப்ளயோட சம்சாரம் ராஜி இன்னும் ஆஸ்பத்திரி டியூட்டியில இருக்கா. 14 பவுண்டு வான்கோழி, நம்ம கணக்குல ஆறே கால் கிலோவுக்கு மேல, ஓவன்ல இருந்து இறங்கி ஃபாயில் போத்திக்கிட்டு ஓய்வெடுக்குது. மாப்ள குளிச்சிட்டு வர்றாரு. திண்டுக்கல்ல இருந்து ஆறு மாசம் தங்கிட்டுப் போக வந்திருக்கற அத்தை அடுப்படியில நிக்கறாங்க.)

மாப்ள: அத்தை, வான்கோழி வெந்த ட்ரே எங்க?

அத்தை: அதுவா மாப்ள, அடியெல்லாம் கருகிப் புடிச்சிக் கெடந்துச்சு, சுடுதண்ணி ஊத்தி ஊற வச்சிருக்கேன், இப்பத் தேய்ச்சிரலாம்.

மாப்ள: ஐயோ! சோப்பு போட்டீங்களா?

அத்தை: இன்னும் போடல.

மாப்ள: அதுல இருந்த கொழுப்பு, சாறு எல்லாம் கொட்டிட்டீங்களா அத்தை, மூணரை மணி நேரம் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுல வெந்து சொட்டுச் சொட்டா எறங்குனது, அதுக்காகத்தான் அந்தக் கோழியையே வாங்குனேன்!

அத்தை: எண்ணெயக் கொட்டுற குடும்பத்துல நான் பொறக்கல மாப்ள. அப்பளம் பொரிச்ச எண்ணெயவே மூணு நாளைக்கு வச்சிருப்பேன். அந்தத் தூக்குவாளியில ஊத்தி வச்சிருக்கேன் பாருங்க.

(மாப்ள தூக்குவாளியத் தொறக்கறாரு. மேல உருக்குன நெய் மாதிரி ஒரு வெரக்கடை, அடியில ரசம் கணக்கா பழுப்புச் சாறு. அவரு முகத்துல உயிர் வருது.)

மாப்ள: தெய்வமே! தானாப் பிரிஞ்சிருச்சு. இப்படிப் பிரிக்கறதுக்குன்னே அடியில மூக்கு வச்ச ஒரு ஜக்கு இங்க விக்கிறான் அத்தை.

அத்தை: தூக்குவாளி இல்லாத ஊரு, பாவம். சரி, இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?

மாப்ள: கிரேவி.

அத்தை: அட முன்னாடியே சொல்லக் கூடாதா, வெங்காயம் எத்தன அரிய? தக்காளி நாலு போதுமா? மல்லித்தூளு நான் ஊருலருந்து கொண்டாந்தது இருக்கு.

மாப்ள: அந்தக் கிரேவி இல்ல அத்தை. வெங்காயம், தக்காளி, மசாலா ஒண்ணும் கெடையாது. கால் கப்பு இந்தக் கொழுப்பு, கால் கப்பு மைதா, ரெண்டு கப்பு சாறு. அவ்வளவுதான்.

அத்தை: காய்ச்சலா யாருக்கும்?

மாப்ள: ஊருக்கே இதுதான் அத்தை, மசிச்ச உருளைக்கெழங்கு மேல குழி பண்ணி ஊத்திச் சாப்புடுவாங்க. கொண்டாங்க அந்த ட்ரேய, அதுல ஊறுற தண்ணி வேணும்.

அத்தை: (ட்ரேயக் கட்டிப் புடிச்சுக்கிட்டு) எது, பாத்திரங்கழுவுன தண்ணியா? அதுல குழம்பு வச்சு வெள்ளைக்காரங்களுக்கு ஊத்தப் போறீங்களா? நாளைக்கு ராஜியத்தான மாப்ள பேசுவாங்க, திண்டுக்கல்லுக்காரி வீட்டுல கழனித்தண்ணி ஊத்துனான்னு!

மாப்ள: அத்தை, நல்லாக் கேளுங்க. ஞாயித்துக்கெழம கறி எடுத்து வறுத்து எறக்குன பெறகு அந்தச் சட்டிய என்ன பண்ணுவீங்க?

அத்தை: சுடுசோத்தப் போட்டு, அடியில ஒட்டியிருக்கறதெல்லாம் சொரண்டிப் பெரட்டி ஆளுக்கு ஒரு உருண்டை குடுப்பேன். எம் மூத்தவன் அதுக்காகவே டியூசன மட்டம் போட்டவன்.

மாப்ள: கறியவிட அதுதான ருசி?

அத்தை: அது வேற கதை...

மாப்ள: அதே கதைதான், நீங்க சோத்தப் போட்டுச் சொரண்டுறீங்க, இவங்க தண்ணி ஊத்திச் சொரண்டுறாங்க. கறியில இருந்து எறங்குற சாறு தட்டுல வத்திச் செவந்து ஒட்டிக்கிட்டது அது. நல்லாக் கரியாப் போன எடத்த மட்டும் தொடாம விட்டுட்டா கசக்காது.

(அத்தை ரெண்டு நிமிசம் ட்ரேயயே பாக்கறாங்க. அப்புறம் மெதுவா நீட்டறாங்க. இந்த வீட்டுல இதுக்கு முன்னாடி ஒரு தடவதான் அத்தை இப்படித் தோத்தது, அது டிஷ்வாஷர் விசயத்துல.)

மாப்ள: அந்தக் கோழி வயித்துக்குள்ள ஒரு பேப்பர் கவரு இருந்துச்சுல்ல, கழுத்து, இரைப்பை, ஈரல்லாம், அத வேக வச்சுத் தண்ணி எடுக்கணும்னு இருந்தேன், மறந்தே போச்சு.

அத்தை: ஈரல மெளகு போட்டு வறுத்தாச்சு, உங்களுக்குத் தட்டுல மூடி வச்சிருக்கேன். கழுத்தையும் இரைப்பையையும் சூப்பு வச்சேன்.

மாப்ள: ஈரலப் போடாம வச்சதும் நல்லதுதான், தண்ணி கசந்துரும். சூப்புல என்னென்ன போட்டீங்க?

அத்தை: ஒண்ணுமே போடல மாப்ள. கொஞ்சம் மெளகு, சீரகம், ஆறு பல்லு பூண்டு, ஒரு கொத்து கருவேப்பில.

மாப்ள: (மூச்ச இழுத்து விட்டு) பரவால்ல. குடுங்க.

(சட்டியில கொழுப்பு சூடாகுது. மாப்ள மைதாவத் தூவிக் கிண்டுறாரு.)

அத்தை: எனக்கு இப்பத்தான் புரியுது. இது பசை!

மாப்ள: அத்தை...

அத்தை: 1989 எலெக்‌ஷனப்ப உங்க மாமா போஸ்டர் ஒட்டுறேன்னு கெளம்பிருவாரு, அண்டா அண்டாவாக் காய்ச்சிக் குடுத்தது யாரு? நாந்தான். மைதாவப் பச்சத் தண்ணியில கரைச்சு, கொதிக்கிற தண்ணியில ஊத்திக் கிண்டிக்கிட்டே இருக்கணும், பூச்சி அரிக்காம இருக்க ஒரு சிட்டிக மயில்துத்தம். இங்க கெடைக்குமா?

மாப்ள: விசம் அத்தை அது!

அத்தை: போஸ்டரு ரெண்டு வருசம் நின்னுச்சு.

மாப்ள: இது பச்சத்தண்ணி முறை இல்ல. மாவ மொதல்ல கொழுப்புலயே வறுக்கணும், ரவை வறுக்கற வாசன வர்ற வரைக்கும். மாவச் சுத்திக் கொழுப்பு ஒட்டிக்கிட்டா தண்ணி பட்டதும் கட்டி தட்டாது, இதான் சயின்ஸு. (ஃபோன் அடிக்குது) சொல்லு ராஜி... ஆமா ரெடி... தொடையில 165 டிகிரி வந்துருச்சு, குத்திப் பாத்துட்டேன்... நாந்தான் பண்றேன், அத்தை சும்மா பாத்துக்கிட்டிருக்காங்க...

(பேசிக்கிட்டே தூக்குவாளிச் சாறு, சூப்பு, ட்ரே தண்ணி மூணையும் ஒரே ஊத்தா ஊத்திட்டாரு. சட்டியில சீடை சீடையா மெதக்குது.)

அத்தை: சயின்ஸு உருண்டு வருது மாப்ள.

மாப்ள: ஐயையோ. பட்டர்பால்னு வான்கோழி விக்கிற கம்பெனிக்கு ஃபோன் போடறேன், வான்கோழி சமைக்கறவங்களுக்குன்னே 1981லருந்து லைன் வச்சிருக்கான், கேட்டா சொல்லுவான்.

அத்தை: அடுப்புல சட்டிய வச்சுட்டு கம்பெனிக்கு ஃபோனா? நம்மூருல அதுக்குத்தான் நாத்தனா இருக்கா. நகருங்க. அந்தக் கீரை மத்த எடுங்க.

(அடுப்பக் கொறச்சு வச்சு, ரெண்டு உள்ளங்கையிலயும் மத்தப் புடிச்சுக் கடையறாங்க. வளையல் சத்தம். கட்டி ஒண்ணு ஒண்ணாக் கரையுது. மிச்சத்த டீ வடிகட்டியில வடிக்கறாங்க. திரும்பக் கொதி வந்ததும் கரண்டி முதுகுல தடவி வெரலால ஒரு கோடு போடறாங்க, கோடு அப்படியே நிக்குது.)

அத்தை: பசைக்கும் இதான் பதம்.

மாப்ள: உப்பு போடவா?

அத்தை: வாயில வச்சுப் பாத்துட்டுப் போடுங்க. நேத்து ராத்திரி பூரா அந்தக் கோழிய உப்புத்தண்ணியில முக்கி வச்சது யாரு?

மாப்ள: (நக்கிப் பாத்து) வேணாம்... போதும் போதும். அத்தை, இது... ஆனா நல்லாருக்கு.

அத்தை: மெளகு பேசுது.

(மாப்ள ஷெல்ஃபுல இருந்து மூக்கு நீண்ட ஒரு பீங்கான் கிண்ணத்த எடுக்கறாரு.)

அத்தை: ஆத்தாடி, இம்புட்டுப் பெரிய பாலாடையா! எந்தப் புள்ளைக்கு?

மாப்ள: கிரேவி ஊத்துறது அத்தை.

(காலிங் பெல். மாப்ள சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு ஓடறாரு. பாதி வழியில திரும்பிப் பாத்தா, அத்தை கிரேவிச் சட்டியில ஒரு கரண்டி சுடுசோத்தப் போட்டுப் பெரட்டிக்கிட்டு இருக்காங்க. பெல் ரெண்டாவது தடவ அடிக்குது. மாப்ள திரும்பி வந்து கைய நீட்டறாரு.)

அத்தை: கதவு மாப்ள, கதவு!

மாப்ள: குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுட்டுத்தான் வந்திருப்பாங்க. அந்த ஓரத்துல ஒட்டியிருக்கறதையும் சேத்து உருட்டுங்க.