குடிய விட்டாப் பிறகுதான் குழுவோ?

அண்ணை, 'வீட்டில பூட்டி வைச்சு ரெண்டு கிழமை குடிய நிப்பாட்டுங்கோ, பிறகுதான் குழுவில எடுப்பினம், அதுவும் வேதக்காரருக்குத்தான்' எண்டு போட்டிருக்கிறியள், அது பிழை. நீங்கள் சொல்லுற குழு அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், குடிய விட நினைக்கிற ஆக்கள் கூடி ஒருத்தருக்கொருத்தர் உதவுற அமைப்பு. அது 1935இல அமெரிக்காவில தொடங்கினது, குடிய விடோணும் எண்ட விருப்பம் மட்டும் இருந்தாக் காணும், காசும் இல்லை மதமும் கேக்கமாட்டினம், கடவுளை அவரவர் விளங்கினபடி எண்டுதான் அவையள் சொல்லுறது.

பூட்டி வைக்கிறதுதான் பெரிய ஆபத்து. தினமும் கசிப்போ சாராயமோ குடிச்ச ஆள் சடாரெண்டு நிப்பாட்டினா 6 தொடக்கம் 48 மணித்தியாலத்துக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூண்டு நாளில ஆள் அடையாளம் தெரியாமப் பிசத்தத் தொடங்கினா உயிருக்கே மோசம், எங்கட சித்தப்பாவுக்கு இப்பிடித்தான் விடியப்புறம் வலிப்பு வந்து, வாகனம் தேடி ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, கிட்டின அரச ஆசுப்பத்திரியில மனநலப் பிரிவைக் கேளுங்கோ, சல்லி செலவில்லை. மருந்து குடுத்து மெல்ல மெல்ல நிப்பாட்டுவினம், பக்கத்தில எங்க குழு கூடுது எண்டும் அவையளிட்டயே விசாரிக்கலாம். போக வெக்கமெண்டா 1926க்கு அடிச்சுக் கதையுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம்.